சுண்டு விரலுக்கு ஒரு சான்ஸ்!

கிடார் வாசிக்கிறவங்களைப் பார்த்தா உங்க கண்ணு முதல்ல எங்கே போகும்? வலது கைக்குத்தானே! பிக்கைப் பிடிச்சு கம்பியைத் தட்டுற கைதான் ஹீரோ. இடது கை சும்மா அழுத்திப் பிடிக்கிற அசிஸ்டென்ட். ஆனா பாஸ், அந்த அசிஸ்டென்ட் தனியாவே கச்சேரி பண்ணும். அந்த வித்தைக்குப் பேர் லெகாட்டோ.

இத்தாலிய மொழியில் 'இணைத்துக் கட்டியது' என்று அர்த்தம். முதல் ஸ்வரத்தை மட்டும் பிக்கால் மீட்டினால் போதும். அடுத்தடுத்த ஸ்வரங்களை இடது கை பார்த்துக்கொள்ளும். வீணையில் ஒரே மீட்டில் பல ஸ்வரங்கள் குழைந்து வருமே... கிட்டத்தட்ட அந்தச் சங்கதி!

அடிப்படை ரெண்டே வேலைதான். ஒண்ணு, ஹாமர் ஆன். ஒலிச்சுக்கிட்டிருக்கிற கம்பி மேல இன்னொரு விரல் சுத்தியல் மாதிரி இறங்கணும். ஓங்கி அடிக்க வேண்டாம். ஃப்ரெட்டை ஒட்டி, குறி தப்பாம இறங்கினா போதும். ரெண்டாவது, புல் ஆஃப். விரலை அப்படியே தூக்கினா சத்தம் செத்துடும். தரையைப் பார்த்து லேசா சுண்டி எடுக்கணும். அடுத்த ஸ்வரத்துக்கான விரல் முன்னாடியே அழுத்திக் காத்திருக்கணும்.

இதில் நம்மளை ஏமாத்துற வில்லன், டிஸ்டார்ஷன் பெடல். மெல்லிய ஸ்வரம், பலமான ஸ்வரம் ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துடும். கேட்க சூப்பரா இருக்கும். பெடலை அணைச்சா, பாதி ஸ்வரத்தைக் காணோம்!

அதனால ஹாஸ்டல்ல ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, ஆம்ப் இல்லாம, இடது கையால மட்டும் வாசிப்பேன். ரூம்மேட்டுக்குக் கேட்கக் கூடாது, எனக்குக் கேட்கணும். அஞ்சாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஆறில் நடுவிரல், எட்டில் சுண்டு விரல். மெட்ரோனோம் 60-ல். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிற வரைக்கும் வேகத்தைத் தொடறதில்லை.

நிஜமா கஷ்டம் விரல்ல இல்லை, மனசுலதான். பக்கத்து ரூம் பையன் மூணு மாசத்துல மூணு பாட்டு கத்துக்கிட்டு கல்ச்சுரல்ஸ்ல கைதட்டல் வாங்கிட்டான். என்கிட்ட இருந்தது மூணே மூணு ஸ்வரம்! 'இதெல்லாம் தேவையா?'ன்னு கிடாரை உறையில போட்டு மூடத் தோணின நாட்கள் நிறைய.

அப்போ தெம்பு கொடுத்தவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். 1946-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். அவருக்கு சாக்ஸஃபோன் மேலதான் ஆசை; கைக்குக் கிடைச்சது கிடார். ஊதுகிற வாத்தியம் போல கிடாரை மூச்சு விடாம ஓட வெச்சது அவரோட இடது கைதான். 2017-ல் மறைஞ்சார். உலகத்துல எத்தனையோ கிடாரிஸ்டுகள் இன்னும் அவரைக் கேட்டுப் பிரமிக்கிறாங்க.

ஒரு எச்சரிக்கை: விரல் நுனி எரிச்சல் சகஜம். மணிக்கட்டோ முழங்கையோ வலிச்சா உடனே நிறுத்திடுங்க. தினமும் பத்து நிமிஷம் போதும்.

ஒருநாள், மத்த விரல்களோட சரிசமமா உங்க சுண்டு விரலும் பேசும். யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா உங்களுக்குக் கேட்கும். அந்தச் சந்தோஷம் இருக்கே... சான்ஸே இல்லை!