கோரியில் ஒரு நோன்புச் சாப்பாடு

நம் ஊரில் வாடகைக் கார் எடுத்தால் பின்சீட்டில் ஏறிக்கொள்வோம். எங்கே நிறுத்துவது, எப்போது காபி குடிப்பது, ஏசியை எத்தனையில் வைப்பது, எல்லாம் நம் அதிகாரம். சாப்பிடும் இடத்தில் டிரைவருக்கு வேறு மேசை. இரவில் விடுதிக்காரர் காட்டும் ஏதோ ஒரு கூடம், இல்லாவிட்டால் காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூக்கம். இது சரியில்லை என்று நினைக்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்கண்ணே" என்றாலும், "பரவால்ல சார், நீங்க சாப்பிடுங்க" என்று அவர் நகர்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் இத்தனை வருடம் பழகிய பழக்கம். அதைச் சுமந்துகொண்டு நானும் மனைவியும் ஜார்ஜியாவில் போய் இறங்கினோம்.

திபிலிசியில் எங்கள் விடுதி வாசலுக்கு வந்தது ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா. முன்பக்க பம்பர் இல்லை. (அந்த ஊரில் அப்போது பம்பர் இல்லாத கார்கள் அவ்வளவு சகஜமாக இருந்தன. யாரும் அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை.) ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நான் பின்கதவில் கை வைத்ததும், தலையை ஆட்டி முன்கதவைத் திறந்துவிட்டார். ஸ்டியரிங் நம் ஊர் போலவே வலதுபக்கம். ஆனால் ஜார்ஜியாவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். அப்படியானால் ஓட்டுகிறவர் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே வருவதைப் பார்க்கும் இடத்தில் நான் இருக்கிறேன்.

இதன் பொருள் கஸ்பேகி என்ற மலையூருக்குப் போகும் பாதையில் விளங்கியது. ரஷ்ய எல்லைக்குப் போகும் லாரிகள் அந்தச் சாலையில் எறும்புச்சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் போய் ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து "ட்ரக்?" என்பார். நான் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து "நோ ட்ரக்" என்றால் ஆக்சிலேட்டரை மிதிப்பார். 2,300 மீட்டருக்கு மேலே, பனி ஒதுக்கிய ஜ்வாரி கணவாயில், இரண்டு உயிர்களுக்கும் பின்சீட்டில் கண்ணை மூடியிருந்த என் மனைவியின் உயிருக்கும் நானே பொறுப்பு. காசு கொடுத்து கிளீனர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. மாலைக்குள் வேலை பிடித்தும் போயிற்று.

கஸ்பேகியின் தேவாலயத்தையும் அதன் பின்னால் நிற்கும் மலையையும் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஜார்ஜியா என்று தேடினால் முதலில் வருகிற படம் அதுதான். எனக்கு நினைவில் நிற்பது வழியில் பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து நிற்கும் ஓவியச் சுவர். ரஷ்யாவின் பாதுகாப்பை நாடி ஜார்ஜிய அரசர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 200 ஆண்டு நிறைவுக்காக 1983இல் கட்டிய நட்புச் சின்னம். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். எங்கள் ஓட்டுநர் காரிலேயே இருந்தார். குளிர் என்றார். அதற்கு முன் நின்ற இடங்களில் அவருக்குக் குளிரவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் என் மனைவிக்கு அடித்தது யோகம். அவள் சைவம். வெளிநாட்டுக்குப் போனால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் கதி என்று பொடி டப்பாக்களோடு வந்திருந்தாள். நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். ஜார்ஜிய சபையின் நோன்பு கடுமையானது: கறி கிடையாது, முட்டை கிடையாது, பால், வெண்ணெய், சீஸ்கூடக் கிடையாது. உணவகங்களில் அதற்கென்று தனிப் பட்டியலே இருந்தது. காளான் வைத்த கின்காலி என்ற கொழுக்கட்டை, வால்நட் அரைத்துப் பிசைந்த கீரை, கத்தரிக்காய். எங்கள் மேசையிலேயே, எதிரே உட்கார்ந்த ஓட்டுநர் எனக்கும் சேர்த்து நோன்புப் பட்டியலிலிருந்தே ஆர்டர் செய்தார். இந்தியர்கள் ஆண்டு முழுவதும் நோன்பு இருப்பவர்கள் என்பது அவருடைய எண்ணம். ஆட்டுக்கறி கின்காலியைக் கனவு கண்டு வந்தவன் நான். ஆனால் என்னை அவர் பார்த்த மரியாதையைப் பார்த்தபோது உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

தகராறு கோரியால் வந்தது. அடுத்த பயணத்துக்கு எங்கே என்று கேட்டார். கோரி என்றேன். "உப்லிஸ்ட்ஸிகே போகலாம். குகை நகரம், கிறிஸ்துவுக்கு முந்தியது. கோரி வேண்டாம்." அவருடைய ஆங்கிலம் பெயர்ச்சொற்களால் மட்டும் ஆனது, மீதியைக் கைப்பேசி சொல்லும். கைப்பேசியின் பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் இதைச் சொன்னது. எனக்குக் கோரிதான் வேண்டும் என்றேன். ஸ்டாலின் பிறந்த ஊர், அங்கே அவருக்கு அருங்காட்சியகம். "உங்கள் பணம்" என்றது கைப்பேசி.

மறுநாள் காலை முழுக்க முகம் கொடுக்கவில்லை. நெடுஞ்சாலை நான்கு வழி என்பதால் கிளீனருக்கும் வேலையில்லை. திபிலிசியைத் தாண்டிச் சற்று தூரத்தில், சமவெளியில், ஒரே அச்சில் வார்த்தது போல நூற்றுக்கணக்கில் சின்ன வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. என்ன இது என்று கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. த்ஸெரோவானி. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவுடன் நடந்த போரில் அக்கால்கோரி என்ற தங்கள் ஊரை இழந்தவர்களுக்கு அரசு அவசரமாகக் கட்டிய சுமார் 2,000 வீடுகள். சில மாதங்களில் கட்டினார்கள், சில மாதங்களுக்கு என்று நினைத்து வந்தார்கள். இப்போது அங்கே கல்யாணங்கள் நடக்கின்றன என்றார்.

அருங்காட்சியக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தான் உள்ளே வருவதில்லை என்றார். எதற்காக இதைப் பார்க்க இவ்வளவு பிடிவாதம் என்றும் கேட்டார். சொன்னேன். அப்போது எங்கள் மாநில முதலமைச்சரின் பெயர் ஸ்டாலின்.

என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பேசி தவறாக மொழிபெயர்த்துவிட்டது என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். குடும்பப் பெயரா? இல்லை, அப்பா வைத்த பெயர். "அப்பாவுக்கு மகனைப் பிடிக்காதா?"

பின்சீட்டிலிருந்து என் மனைவி சிரித்தாள். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இவர்கூட இருக்கேன். வெச்சவங்க வெச்சுட்டாங்க, இப்ப நீங்க வந்து பதில் சொல்றீங்க."

உள்ளே போனேன். 1957இல் திறந்த கட்டடம், அந்த ஆண்டின் நினைப்பையும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. செருப்புத் தைத்துவந்த ஸ்டாலினின் அப்பா குடும்பத்தோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டின் மேல் கிரேக்கக் கோயில் போல ஒரு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். வெளியே ஸ்டாலினுடைய ரயில் பெட்டி, பச்சை நிறம், கவசம் பூட்டியது. விமானம் என்றால் அவருக்குப் பயம். வழிகாட்டிப் பெண் பள்ளிக்கூடத்து மதிப்பெண்கள், இளமையில் எழுதிய கவிதைகள், போர் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு, கீழே ஒரு சின்ன அறை. அதை ஒதுக்கியிருந்ததைப் பார்த்தால் வேண்டாத விருந்தாளிக்குக் கொடுத்த இடம் போல இருந்தது. கடையில் ஸ்டாலின் படம் போட்ட கோப்பையும் ஒயினும் விற்றார்கள். ஒரு வேடிக்கைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன்; கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது வேடிக்கை அவ்வளவாக இல்லை. வாங்காமல் வெளியே வந்தேன்.

திரும்பி வந்தால் ஓட்டுநரும் என் மனைவியும் பூங்கா பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு அவருடைய அம்மா வீட்டில் என்று முடிவாகியிருந்தது. பக்கத்து கிராமம். ஸ்டாலின் என்ற பெயருள்ள ஆளை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஊரிலிருந்து வந்தவர்களைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிழவி போனில் அடம்பிடித்தாராம்.

வேலிகளின் மேலாக மஞ்சள் கேஸ் குழாய் ஓடும் தெரு. முற்றத்தில் திராட்சைப் பந்தல், இன்னும் இலை விடவில்லை. கருப்பு உடையில், எண்பது வயதில், நிமிர்ந்து நின்றார் அம்மா. மண்சட்டியில் லோபியோ கொண்டுவந்து வைத்தார். சிவப்புப் பீன்ஸை வேகவைத்து மசித்து, கொத்தமல்லியும் உள்ளூர் வெந்தயமும் சேர்த்தது. அதற்குச் சோள ரொட்டி, ஊறுகாய். வாசனை என் மனைவியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். அது போதும், கிழவிக்கு அவள் மகளாகிவிட்டாள். பீன்ஸுக்காகக் கறியை மறந்த மதியம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

அதற்குப் பிறகுதான் சுவரைப் பார்த்தேன். புனித ஜார்ஜ் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், மார்ஷல் உடையில் ஸ்டாலின்.

மகன் கைப்பேசியை மேசையின் நடுவில் வைத்தார். அவருடைய அப்பாவின் அப்பா இதே வீட்டில் இருந்தவர். 1937இல் கூட்டிப் போனார்கள். பத்து ஆண்டு தண்டனை, கடிதம் எழுத உரிமையில்லை என்று பாட்டிக்குச் சொன்னார்கள். சுட்டுக் கொன்றவர்களின் குடும்பங்களுக்கு அப்படித்தான் சொல்வது வழக்கம் என்று பாட்டிக்குத் தெரியாது. 1947 வரை நாள் எண்ணினாள். அதற்குப் பிறகும் எண்ணினாள். ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்தில், குற்றமற்றவர் என்று ஒரு காகிதமும், காய்ச்சலில் இறந்தார் என்று இன்னொரு காகிதமும் வந்தன. பாட்டி மடியில் வளர்ந்தவர் இவர். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அம்மா, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் இந்தப் படமும் இருந்தது. மாமியார் இருந்தவரை படம் பெட்டியிலேயே கிடந்தது. மாமியார் போன பிறகு சுவருக்கு வந்தது.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டே வால்நட் உடைத்தார். தன் தரப்பை அவசரப்படாமல் சொன்னார். போருக்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் விலையைக் குறைத்தார்கள். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது பள்ளிக்கூடமே அழுதது. 1956இல், இறந்தவரை மாஸ்கோவில் அவமதித்துவிட்டார்கள் என்று திபிலிசியில் பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோது ராணுவம் சுட்டது. அந்தக் கூட்டத்தில் இவருடைய அண்ணன் இருந்தார், ஓடித் தப்பினார். "என் வீட்டிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது" என்றார். மகன் குரலை உயர்த்தினார். 2008இல் கோரியில் குண்டு விழுந்தபோது இவளை ஏற்றிக்கொண்டு போக வந்தேன், ரஷ்ய விமானம் தலைக்கு மேல், இவள் மடியில் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! "அவர் ரஷ்யன் இல்லை, நம் ஆள்" என்றார் அம்மா. இந்தச் சண்டை எங்களுக்காக நடக்கவில்லை என்று தெரிந்தது. இருவருக்கும் வரிகள் பாடமாகியிருந்தன.

எங்கள் முதலமைச்சரின் படத்தைக் கேட்டார் அம்மா. கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். வெள்ளைச் சட்டை. தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இவர் சிரிக்கிறாரே" என்றார். குறை சொன்னாரா பாராட்டினாரா தெரியவில்லை. பெயர் வந்த கதையைச் சொன்னேன். பிள்ளை பிறந்தது 1953 மார்ச் 1. மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார். அப்பா, பின்னாளில் ஐந்து முறை முதல்வரான கருணாநிதி, பச்சைக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார். அரசியல்வாதி மட்டும் அல்ல, எழுத்தாளர், திரைக்கதை வசனகர்த்தா.

"எழுத்தாளரா?" என்றார் மகன்.

முந்தைய நாள் சாயங்காலம் அவர்தான் எங்களைத் திபிலிசியின் எழுத்தாளர் மாளிகை வாசலில் இறக்கிவிட்டிருந்தார். 1937இல் சக கவிஞர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி நெருக்கியபோது பாவ்லோ யாஷ்விலி தன்னைச் சுட்டுக்கொண்ட இடம். அவருடைய நண்பர் தித்சியான் தபித்ஸேயை அதே ஆண்டு கொன்றார்கள். சென்னையில் 1953இல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது, குருஷ்சேவே ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றிப் பேசியது 1956இல்தான் என்று சொன்னேன். கைப்பேசி அதை மொழிபெயர்த்தது. மகன் தலையசைத்தார். பிறகு, 1956க்குப் பிறகு பெயரை மாற்றியிருக்கலாமே என்றார்.

"மூணு வயசுப் பிள்ளைக்குப் பேர் மாத்தினா அது திரும்பிப் பாக்குமா?" என்றாள் என் மனைவி. இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி, கைப்பேசி ஜார்ஜிய மொழியில் சொன்னதும் அம்மா உரக்கச் சிரித்து, அவள் தட்டில் இன்னொரு கரண்டி லோபியோ போட்டார். மகன் மட்டும் சிரிக்கவில்லை. கோரி நகர மன்றத்தின் முன் நின்ற ஸ்டாலின் சிலையை 2010 ஜூனில் நள்ளிரவில் அகற்றினார்களாம். பகலில் செய்திருந்தால் இவள் போய் மறியல் செய்திருப்பாள் என்றார். செய்திருப்பேன்தான் என்றார் அம்மா.

கிளம்பும்போது ஒரு பை நிறைய வால்நட். பணம் கொடுக்கப் பார்த்த என் கையை அம்மா தட்டிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் ஓட்டுநர் உற்சாகமாகப் பேசினார், காலையின் கோபம் போன இடம் தெரியவில்லை. விடுதி வாசலில் கணக்குப் பார்த்தபோது பேசியதைவிட 30 லரி கூடுதலாகச் சொன்னார். எதற்கு என்றேன். கிராமத்துக்குப் போய் வந்த தூரம்.

"அவங்க அம்மா வீட்டுக்குப் போனதுக்கா?" என்றாள் மனைவி.

ஓட்டுநர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். சாப்பாடு அம்மா போட்டது, பெட்ரோல் நான் போட்டது என்றது அந்தப் பெண் குரல். என் மனைவி விடவில்லை. சுங்குவார்சத்திரத்துக்காரியிடம் பேரம் பேசி ஜெயிக்க ஜார்ஜியாவில் ஆள் பிறக்க வேண்டும். 20க்கு முடிந்தது.