போடி ரயிலும் சென்னையின் கண்ணாடிக் கூண்டும்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியும் துண்டுமாக நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டியதும் மலை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அந்தப் பக்கம் கேரளா. சாயங்காலம் அதே வழியில் இறக்கம். தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் பிழைத்துத் திரும்புகிற ஊர் இது.

காயும் பயணம் போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. நிறத்தையும் பருமனையும் பார்த்து வியாபாரிகள் விலை வைக்கிறார்கள். (செடிக்கும் ஏலம் என்றே பேர், விற்பதற்கும் அதே பேர். போடிக்காரர்களுக்கு இதில் குழப்பம் வருவதே இல்லை!) இங்கே விலைபோன காய் வட இந்தியா, வளைகுடா நாடுகள் என்று போய்ச் சேரும்.

இப்படிப் பயணத்துக்குப் பழகிய ஊரில் ஒரு பிள்ளைக்கு ஸ்குவாஷ் ஆட ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உலகம் சுற்றும் வீரராக வேண்டுமாம். முதல் பயணம் எங்கே?

சென்னைக்குத்தான். மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டது. 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பிறகு, 2023 ஜூன் 15-ல் சென்னை சென்ட்ரலுக்கு ரயில் கிடைத்தது. தொடக்கத்தில் வாரம் மூன்று நாள். வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் ஜூன் 13 முதல் 17 வரை சென்னையில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் கண்ணாடிச் சுவரால் கட்டிய ஆடுகளம். இந்தியா அரையிறுதியில் தோற்றது, எகிப்து கோப்பையோடு போனது.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நேரு பார்க். இந்திய ஸ்குவாஷ் அகாடமி அங்கேதான் இருக்கிறது. கொல்கத்தாவில் பிறந்த சவுரவ் கோஷல் சிறு வயதிலேயே வீட்டைவிட்டு இங்கே வந்து, மேஜர் மணியம், சைரஸ் போன்சா ஆகியோரிடம் பயிற்சி பெற்றார். 2019-ல் உலகின் முதல் பத்து பேருக்குள் நுழைந்த முதல் இந்திய ஆண் அவர்தான்.

ஊரைவிட்டு ஏன் வர வேண்டும்? கபடிக்கு ஒரு பொட்டல் போதும். வாலிபாலுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும். ஸ்குவாஷுக்கு 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலத்தில் நாலு சுவரும் மரத்தரையும் வேண்டும். பந்தும் லேசுப்பட்டதல்ல. 24 கிராம்தான், ஆனால் அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் துள்ளும். தெருவில் ஆடிப் பழகவே முடியாத ஆட்டம் இது.

சென்னையில் கற்றுக்கொண்ட பிறகுதான் நிஜமான அலைச்சல். போட்டி ஆடினால்தான் தரவரிசைப் புள்ளி, புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டியில் இடம். முதல் நாளே தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். விமானச் சீட்டுக்குப் போட்ட பணம் போட்டதுதான்.

ஏலச்செடிகூட நட்ட மூன்றாம் ஆண்டில் காய்த்துவிடும். இங்கே அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஜோஷ்னா சின்னப்பாவைப் பாருங்கள். குடகு மலைக் குடும்பம், பிறந்தது சென்னையில், 1986-ல். 18 முறை தேசிய சாம்பியன், ஒரு காலத்தில் உலகின் பத்தாம் இடம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபிகா பள்ளிக்கலோடு இரட்டையர் தங்கம். அப்படிப்பட்டவர் 2025-ல் நூறுக்கு வெளியே இருந்தார். அக்டோபரில் ஜப்பானின் யோகோஹாமாவுக்குப் போய், 39 வயதில் ஜப்பான் ஓபன் பட்டத்தை வென்றார். உலகச் சுற்றில் அவருக்கு அது 11-வது பட்டம். அந்தப் போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதையும் ஆடிய எல்லோருக்கும் பிரித்துத்தான் கொடுப்பார்கள். பணத்துக்காக மட்டும் இந்த வயதில் ஒருவர் இத்தனை தூரம் போவார் என்று தோன்றவில்லை.

டிசம்பரில் உலகக் கோப்பை மறுபடி சென்னைக்கு வந்தது. ஹாங்காங்குக்கு எதிரான இறுதிப் போட்டியில் முதல் ஆளாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் இறங்கியவர் ஜோஷ்னாதான். அவர் ஜெயித்தார். அபய் சிங் ஜெயித்தார். 17 வயது அனாஹத் சிங்கும் ஜெயித்தார். 3-0. இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பை. அணியின் நான்காவது பெயர் தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார்.

2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு போடியில் ஒரு பிள்ளை கேட்டால், அப்பாவும் அம்மாவும் போட வேண்டிய கணக்கு இதுதான்: சென்னையில் தங்க இடம், படிப்பு, ராக்கெட், பாஸ்போர்ட், அப்புறம் ஒவ்வொரு போட்டிக்கும் விமானச் சீட்டு. அந்த வருஷம் காய் என்ன விலைக்குப் போகிறது என்பதும் அதில் சேரும்.