மீன் கல்யாணத்தைக் கத்தரித்தவன்

மேற்கு வங்கத்தின் நயா கிராமத்தில் நடக்கும் ஓவியத் திருவிழாவைப் பற்றி முன்பு ஒரு பத்திரிகையில் எழுதினேன். கலை சந்தைச் சரக்காகிவிட்டது, பாட்டைக் கேட்க ஆளில்லை, வருகிறவர்கள் குடையையும் டி-சர்ட்டையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று புலம்பியிருந்தேன். படித்தவர்கள் மெச்சினார்கள். அப்படிப் புலம்பும் யோக்கியதை எனக்கு இல்லை.

நயா, மேற்கு மேதினிபூர் மாவட்டத்துப் பிங்களா பகுதியில் இருக்கிறது. அங்குள்ள பட்டுவாக்கள், அதாவது சுருள் ஓவியர்கள், தங்கள் பெயரோடு ‘சித்ரகார்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், வரைவதோ மனசா தேவியையும் துர்க்கையையும் ராமாயணத்தையும். முன்பெல்லாம் ஓவியச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். வீட்டு வாசலில் விரித்து, கட்டம் கட்டமாக விரலால் தொட்டுக் காட்டிப் பாடினால் அரிசியோ காசோ கிடைக்கும். சினிமாவும் டிவியும் வந்தபின் அந்தப் பிழைப்பு நொடித்தது. பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

2010-இல் ‘போட் மாயா’ தொடங்கியது. கொல்கத்தாவின் பங்ளாநாடக் டாட் காம் அமைப்பும் ஓவியர்களின் சித்ரதரு கூட்டமைப்பும் சேர்ந்து நடத்தும் இந்த 3 நாள் விழா, வழக்கமாக நவம்பரில் வரும். வாசல் தேடி அலைந்தவர்களின் வாசலுக்கு இப்போது ஊர் உலகம் வருகிறது. மண்சுவரெல்லாம் ஓவியம், திண்ணைதான் காட்சிக்கூடம். சங்குப்பூவில் நீலம், மஞ்சளில் மஞ்சள், விளக்குக் கரியில் கறுப்பு எடுத்து, வில்வக்காய்ப் பிசினில் குழைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். வங்கப் பட்டசித்திரம் எனப்படும் இந்த ஓவியத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படி ஒரு திண்ணையில் ஓர் அம்மா எனக்காக ‘மீன் கல்யாணம்’ சுருளை விரித்துப் பாடினார். மீன்களெல்லாம் கூடிக் கல்யாணம் நடத்துகின்றன. கடைசிக் கட்டத்தில் பெரிய வாளை வந்து அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. பாதிப் பாட்டிலேயே கையமர்த்தி, விலை கேட்டேன். பேரம் பேசினேன். அவர் குறைத்துக் கொடுத்தார். அதைச் சாமர்த்தியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் ஃபிரேம் கடைக்கு எடுத்துப் போனேன். சுருள் சுவரின் உயரத்துக்கு அடங்கவில்லை. “வெட்டிடலாமா சார்?” என்றார் கடைக்காரர். கல்யாணக் கோலத்து மீன்கள் இருந்த கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாளை வரவேற்பறைக்கு மங்களமாக இருக்காதாம்! எளியதை வலியது தின்னும் என்கிற சேதி அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. வெட்டிய மிச்சம் கடைக் குப்பைக்குப் போனது.

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. 2004 சுனாமியை இந்தப் பட்டுவாக்கள் சுருளாக வரைந்து பாடியவர்கள். ஜாய்தேப், மொய்னா சித்ரகார் வரைந்த ‘சுனாமி’யைச் சென்னை தாரா புக்ஸ், சுருளைப் போலவே நீளமாக விரியும் புத்தகமாகக் கொண்டுவந்தது. அதை விரித்துப் பார்த்து வியந்தவன் நான். நீளத்தில்தான் கதை ஓடுகிறது என்று தெரிந்தேதான் வெட்டச் சொன்னேன்.

கட்டுரையை எழுதியது அதற்குப் பிறகு. குடையிலும் கெட்டிலிலும் வரைவது அவர்களுக்குச் சோறு; சுருளையும் பாட்டையும் அதற்காக அவர்கள் கைவிட்டுவிடவில்லை. பாட்டை நிறுத்தியதும் படத்தைத் துண்டாக்கியதும் நான். பழியை மட்டும் டி-சர்ட் வாங்கியவர்கள்மேல் போட்டேன். அவர்களாவது வாங்கியதை முழுசாக வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தை ரசித்து, “இது என்ன கதை?” என்று கேட்பதுண்டு. கல்யாணக் கதை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சொன்னால், அது எங்கே என்று கேட்பார்களே.