கழுத்தில் தேய்ந்த பவுன்

கம்போங் மேடானிலும் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளிலும் என் கைக்கு வரும் பழைய தங்கக் காசுகளில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் காசுமாலையில் கோத்திருந்தவை. ரப்பர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள், பாட்டி போன பிறகு மாலையைப் பிரித்துப் பெண்மக்களுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். காசின் தரத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய விளக்கங்களோ சட்டைப்பையிலும் பணப்பையிலும் உரசித் தேய்ந்த காசைப் பார்த்து எழுதியவை. கழுத்தில் தேய்ந்த காசுக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் கணக்கு தப்பும்.

வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் சாவரின். நம் வீட்டுப் பேச்சில் பவுன். 22 காரட், 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். 1906இல் இங்கே மலாயாவில் புழங்கிய நீரிணைக் குடியேற்ற டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டினார்கள். அந்தக் கணக்கில் 60 டாலருக்கு 7 பவுன். ஒரு பவுனுக்கு எட்டரை டாலருக்குச் சற்று மேல். செல்லுபடியாகும் பணமாக இருந்த காசைத்தான் தட்டாரிடம் கொடுத்து வளையம் வைத்து நகையாக்கினார்கள்.

முதலில் தராசு. 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாணயச் சட்டம் ஒரு கீழெல்லை வைத்தது: 7.938 கிராமுக்குக் கீழே போன பவுன் செல்லாது. புதுக் காசுக்கும் செல்லாக் காசுக்கும் நடுவே வெறும் 0.05 கிராம்தான். அந்த இடைவெளிக்குள் நிற்கும் காசு நேர்மையாகப் புழங்கியது என்று முதல் நம்பிக்கை வைப்பேன். 8.1, 8.2 என்று காட்டினால் விளிம்பில் வளையம் வைத்த பற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 7.8 என்றால் வளையத்தை எடுத்தவர் அரத்தால் காசையும் சேர்த்து ராவியிருக்கிறார்.

பத்தர்கள் அடுத்து உரைகல்லை எடுப்பார்கள். நான் எடுப்பதில்லை. உரைத்தால் காசில் ஒரு கீறல் கூடும். அது கிடக்கட்டும், பெரிய காரணம் வேறு. பவுனின் போலிகளில் பல நல்ல தங்கம். 1950களின் தொடக்கத்தில் ஹொசே பெராஹா என்பவர் மிலான் நகரில் அடித்த போலிப் பவுன்களில் தங்கம் குறையவே இல்லை. அப்போது பவுன் அதில் உள்ள தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனது. அந்த வித்தியாசம்தான் அவருக்கு லாபம். பின்னால் பெய்ரூட்டிலிருந்து வந்தவையும் பல இப்படித்தான். மாற்றைப் பார்த்து இவற்றைப் பிடிக்க முடியாது, அச்சைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எழுத்துகள் தடித்து முனை மழுங்கியிருக்கும். வெற்றுத் தளம் மணல் தூவியதுபோல் பொரபொரக்கும். விளிம்பு வரிகள் சீராக ஓடாது. ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் குழி விழுந்த இரண்டு காசுகள் கிடைத்தால் இரண்டையும் ஒதுக்கிவிடுவேன்.

ஆண்டைப் படிக்கும்போதே அதற்கு மேலே புனித ஜார்ஜின் குதிரை நிற்கும் தரைக்கோட்டில் சிறிய எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். ஐ என்றால் பம்பாய். 1918இல் மட்டும் அங்கே பவுன் அடித்தார்கள். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். எழுத்தில்லாத 1917 ஒன்றை யாராவது நீட்டினால் ஆசைக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். உண்மையானது அரிது, அதனாலேயே போலி மலிவு.

பிறகுதான் தேய்மானம். ஒற்றை மேசைவிளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, காசை விளிம்பில் பிடித்த இரண்டு விரல். ஐந்தாம் ஜார்ஜ் தலையில் மீசையும் தாடியும் காதுக்கு மேலுள்ள முடியும் முதலில் தேயும். மறுபக்கம் புனித ஜார்ஜின் தலைக்கவசம், மார்பு, தொடை, குதிரையின் தோள். சட்டைப்பைக் காசில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். மாலைக் காசில் ஒரு பக்கம் ரவிக்கையிலும் தோலிலும் நாள் முழுக்க உரசி வழுவழுப்பாகி இருக்கும், வெளிப்பக்கமோ நேற்று அடித்ததுபோல் நிற்கும். விற்பவர் அந்த நல்ல பக்கத்தைத்தான் மேலே வைத்துக் காட்டுவார். நான் மோசமான பக்கத்துக்குத் தரம் சொல்வேன். பக்கத்துக் காசு இடித்து விளிம்பில் இடமும் வலமும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பேன்.

முடியில் கோடு இல்லாததெல்லாம் தேய்ந்தது ஆகாது. அச்சு ஆழமாக விழாத காசும் உண்டு. சாய்த்துச் சுழற்றும்போது தளத்தில் ஓடும் மினுமினுப்பு மேட்டின் மீதும் ஏறிப் போனால் அடித்த குறை. மேட்டில் மட்டும் அறுந்து மங்கினால் தேய்ந்தது.

எனக்கு ஆகாதது பளபளப்பு. தீபாவளிக்கு முன்னால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். நகைக்கு அது சரி. காசில் அந்தத் தேய்ப்பு ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களை விட்டுவிடும். கடையில் கொடுத்துச் சக்கரத்தில் பாலிஷ் போட்டது அதைவிட மோசம். எழுத்தின் ஓரங்கள் உருகினமாதிரி வழியும். எழுத்திடுக்கில் மஞ்சளும் குங்குமமும் உறைந்து அழுக்காக வரும் காசுதான் எனக்குப் பிடித்தது. யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

1949இல் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் அந்நாட்டுப் பெரிய செம்பு சென்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுதான் இன்று உலகெங்கும் காசுகளுக்கு எண் போடப் பயன்படுகிறது. ஆனால் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள், பற்று வைத்த தடம் தெரிந்தால் அந்த எண்ணைக் கொடுப்பதில்லை. நம் காசுகளுக்கு அது பொருந்தாது என்று வருத்தப்படவும் இல்லை. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், புழங்காதது என்ற நான்கு படிகள் எனக்குப் போதும். பக்கத்தில் 'வளையம் இருந்தது' என்று குறித்துக்கொள்வேன்.

விலையை இரண்டாக உடைத்துச் சொல்வது என் பழக்கம். தங்கத்தின் விலை ஒன்று, 7.32 கிராம் சுத்தத் தங்கத்துக்கு அன்றைய நிலவரம். மேலே காசுக்காகத் தருவது இன்னொன்று. வளையம் பட்ட பொதுவான ஆண்டுக்கு அந்த இரண்டாவது தொகை அநேகமாகப் பூஜ்யம்தான். விற்பவர் முகம் வாடினாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்ற மாதம் பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அங்கிள், பாட்டியோட பவுன் ரெண்டு இருக்கு. கொக்கியை எடுத்து நல்லா கிளீன் பண்ணிக் கொண்டாரட்டுமா?"

"கொக்கியோடவே கொண்டாம்மா. கழுவவும் வேணாம். எடுக்கிறதா வேணாமான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ், பெர்த். ஒன்றில் பற்று தளம் வரை வழிந்திருந்தது. தங்க விலைக்கே எடுத்தேன். மற்றதில் காசைத் தொடாமல் சட்டம் கட்டித்தான் மாட்டியிருந்தார் அந்தக் காலத்துத் தட்டார். சட்டத்தின் நகங்களை நிமிர்த்தியதும் விளிம்பு வரிகள் முழுசாக இருந்தன. அதற்குத் தங்க விலைக்கு மேலே கொடுத்தேன்.