நம்பிக்கையும் அளவுகோலும்

நெடுந்தீவின் மைதானத்தில் விரைந்தோடும் சிறுவன் ஒருவனைக் கண்டதும் ஊர் அவன்மீது பெருநம்பிக்கை வைத்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்துப் போட்டிக்கு அவன் செல்வதாயின் குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். தரைவழி அதன் பின்னரே. கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. வெறுங்கையுடன் திரும்புவானாயின், 'இவ்வளவுதானா இவன்?' என்ற தீர்ப்பு இறங்குதுறையிலேயே காத்திருக்கும். இத்தீர்ப்பு எத்துணை நியாயமானது?

அமெரிக்காவில், பந்தைக் கையிலேந்தி ஓடும் அவர்களது காற்பந்தாட்டத்துக்குப் பல்கலைக்கழகங்கள் தெரியும் பாடசாலை வீரரை ஐந்து நட்சத்திரம்வரை இட்டுத் தரம் பிரிப்பர். ஐந்து நட்சத்திரத்தான் பின்னர் எத்தனை யார் ஓடினான் என்பதே அவனைப் பற்றிய விசாரணை. அவனுக்கு வழிதிறந்துவிட வேண்டிய முன்வரிசை ஐவரும் வலியரா, மெலியரா என்பது அத்தொகையில் தெரிவதில்லை. தீவகத்துச் சிறுவனுக்கு அம்முன்வரிசை படகும் பயிற்றுநருமே.

காலம் மற்றொன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேணிலும் பதக்கமின்றியே திரும்பினார். அன்று கணக்கை முடித்திருந்தால் ஏமாற்றம் என்றே எழுதியிருப்பர். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் தங்கத்தை ஈட்டியவர் அவரே.

அதே கல்லூரியிலிருந்து வந்தவர் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில், பத்தொன்பது வயது நிறைவதற்கு முதல்நாள், லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக இறங்கி அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். ஊர் ஆர்ப்பரித்தது. 2024 மே 8இல் இந்திய பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காக முதன்முறை ஆடியபோது நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெற் இல்லை. 'சோபிக்கவில்லை' எனலாம். ஆயின் எதிரணியான லக்னோ அன்று இருபது ஓவர்களில் 165 ஓட்டங்கள் எடுத்தது: ஓவருக்கு எட்டுக்கு மேல். இவர் கொடுத்ததோ ஏழுக்கும் குறைவு. முதல் ஆட்டத்திலே இது சிறிய காரியமன்று. விக்கெற் நிரலை மட்டும் வாசிப்போர்க்கு அது பூச்சியந்தான்.

நெடுந்தீவு மாணவனின் பெறுபேற்றை எழுதுவோர், அவன் எத்தனை போட்டிகளில் வென்றான் என்பதற்கு முன்னர், எத்தனை போட்டிகளுக்குக் கடல் கடந்து செல்ல முடிந்தது என்பதையும் ஒரு நிரலிற் குறிப்பார்களாயின், பழைய தீர்ப்புகள் சிலவற்றை அவர்களே திருத்த நேரிடும்.