இன்னும் பத்து நிமிடம்மா!

ஜூரோங்கில் மாலையில் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடந்து பாருங்கள். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளைச் சுற்றி இளையர் கூட்டம். மேசையில் காய்கள் இல்லை, கைகளில் கைப்பேசி. அணிக்கு ஐவர் மோதும் ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ ஓடுகிறது.

சுலபமாக வென்றால் பேச்சே இல்லை. அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். கோட்டை விழப்போன நேரத்தில் மீண்டு வந்த ஆட்டத்தை மட்டும் தோற்றவர்களும் விடாமல் பேசுவார்கள்.

ஆட்டத்தின் ருசி சமபல எதிரியில்தான். சதுரங்கத்துக்கு ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த தரப்புள்ளிக் கணக்கில், சம புள்ளி உள்ளவர்களுக்குச் சம வாய்ப்பு. இன்றைய இணைய விளையாட்டுகள் பலவும் அந்த வழியில்தான் எதிரணியைத் தேடித் தருகின்றன.

சிங்கப்பூரின் செந்தோசாவில் 2024 டிசம்பர் 12ஆம் தேதி நடந்ததும் அதுதான். 13 ஆட்டங்கள் முடிந்து 6.5-6.5 எனச் சமநிலை. சென்னையின் குகேஷ் டிங் லிரனை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றது 14ஆவது, கடைசி ஆட்டத்தில்.

சாப்பிடக் கூப்பிடும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பாதியில் ஒருவர் எழுந்தால் நால்வர் ஐவரோடு மோத வேண்டும். மற்ற ஒன்பது பேரின் ஆட்டமும் கெடும். ஆட்டம் தொடங்குமுன் கூப்பிடுங்கள்!