ராமானுஜன் விட்டுவிட்ட எண்

293318625600. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பயப்படாதீர்கள், ஊழல் தொகை இல்லை! வெறும் எண்தான்.

முதலில் 12-ஐ எடுத்துக் கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இதற்காகத்தான். அதில் அப்படிப்பட்ட 102 எண்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போய்விட்டது. மேலே சொன்ன எண்தான் அது.

அதுவும் சாதாரண எண் இல்லை. அதன் காரணிகள் மொத்தம் 5040. அந்த 5040-க்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. இந்த 5040, 60, 12, 6 எல்லாமே ராமானுஜன் பட்டியலில் இருக்கின்றன!

60 என்றதும் எனக்கு எங்கள் குமாரலிங்கபுரத்துப் பொங்கல்தான் ஞாபகம் வரும். ஒரு வருஷம் எங்கள் தெருவுக்கு வரி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "காலேஜ் படிக்கிற பய, கணக்கு சரியா இருக்கும்" என்றார் தாத்தா. பழைய நோட்டைப் பார்த்து 60 வீடு எழுதினேன். 60 வீட்டிலும் வரி வாங்கியாச்சு. கிடா வெட்டி 60 கூறு போட்டாச்சு. எல்லாம் முடிந்தபோது ஓர் அப்பத்தா தூக்குச்சட்டியோடு நின்றார். மகள் வீட்டில் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் ஊர் திரும்பியவர். பழைய நோட்டில் அவர் பேர் இல்லை.

எங்கள் வீட்டுக் கூறை நீட்டினேன். வாங்கவில்லை.

"கறி கெடக்கட்டும் ராசா. எங்கிட்ட வரி கேக்க ஏன் வரல? நான் இந்த ஊர்க்காரி இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ராமானுஜனுக்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பின்னால் படித்தபோது முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. யோசித்தால் அந்த ஆறுதல் நிற்கவில்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த எண்ணுக்கு ஒன்றும் குறையவில்லை. அதன் 5040 காரணிகளும் அப்படியே இருந்தன. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்துக் கொண்டார்கள். அப்பத்தா அப்படிக் காத்திருக்க முடியுமா?

அடுத்த வருஷம் நோட்டைப் பார்க்காமல் தெருவில் வீடு வீடாக நடந்து எழுதினேன். முதலில் அப்பத்தா வீட்டுக்குத்தான் போனேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "பேரு எழுதிட்டியா?" என்று எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷம் 61 கூறு. 61 பகா எண், 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. பரவாயில்லை!